ராத்திரி அடங்கிய டேட்டா காலையில் அடங்கவில்லை

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் பேட்டி கண்ட பெண்கள் 7,24,115 பேர். அந்தக் கோப்பிலிருந்து 300 நெடுவரிசைகளை மட்டும் எடுத்து, ரத்தசோகை பற்றிய என் ஆய்வேட்டுக்காக 'ஆர்' என்ற புள்ளியியல் மென்பொருளில் நான்கு லாஜிஸ்டிக் மாடல்கள் (உண்டா இல்லையா என்று கணிக்கும் மாதிரிகள்) ஓட்டினேன். 8 ஜிபி ராம் உள்ள என் லேப்டாப்பிலேயே எல்லாம் முடிந்தது. இரவு ஒரு மணிக்கு மூடும்போது, நினைவகத்தில் இருப்பதையெல்லாம் சேமிக்கவா என்று கேட்டது. சரி என்று கொடுத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் திறந்தால் இருபது நிமிடம் லேப்டாப் அசையவே இல்லை. அப்புறம் ஒரு வரி வந்தது: 'கேனாட் அலோகேட் வெக்டர் ஆஃப் சைஸ் 5.5 எம்பி'.

வெறும் 5.5 எம்பிக்கா இடமில்லை என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ஓர் எண்ணுக்கு 8 பைட், 7,24,115 பேர். பெருக்கிப் பார்த்தால் ஒரு நெடுவரிசை சரியாக அந்த அளவுதான் வருகிறது. அதாவது, அது மொத்தத் தேவை இல்லை, கடைசியாக உட்கார இடம் கிடைக்காத ஒரே ஒரு நெடுவரிசை. இந்தச் செய்தி வந்தால் அந்த எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை, ப்ராஜெக்டைத் திறக்கும்போதெல்லாம், ராத்திரி சேமித்த கோப்பை ஆர் அதுவாகவே ஏற்றப் பார்த்துத் தொங்கியது. ஃபோல்டருக்குள் போய் அந்த '.ஆர்டேட்டா' கோப்பின் பெயரை மாற்றியதும்தான் திறந்தது. பழைய ஆலோசனைகளைப் படித்து, நினைவக வரம்பை உயர்த்தும் 'மெமரி லிமிட்' கட்டளையோடு அரை நாள் மல்லுக்கட்டினேன். 2022இல் வந்த 4.2 பதிப்பிலிருந்தே அது வேலை செய்வதில்லை. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அந்தக் கோப்பிலிருந்து ஒரு மாடலை மட்டும் உருவி எடுக்கவும் வழியில்லை, ஏற்றினால் எல்லாவற்றையும்தான் ஏற்ற வேண்டும். நான் புதிதாக உருவாக்கிய மாறிகள் (புது நெடுவரிசைகள்) பாதி அதற்குள்தான் இருந்தன, அவற்றுக்கான கட்டளைகளை ஸ்கிரிப்டில் எழுதி வைக்கவில்லை. பென்டிரைவோடு இரண்டு பஸ் மாறி, 32 ஜிபி கம்ப்யூட்டர் இருக்கும் லேபுக்குப் போனேன். "துறைத்தலைவர் லெட்டர் இருக்காம்மா?" என்றார் பொறுப்பாளர். இல்லை. பெயருக்குக்கூட உள்ளே விடவில்லை. திரும்பி வந்து, மறுநாள் கையெழுத்தோடு போனேன். அந்த ஒரு நாளை நினைத்தால் இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

அங்கே கோப்பு திறந்தது. ஆனால் ராத்திரி 8 ஜிபிக்குள் அடங்கியது, ஏற்றியதும் 10 ஜிபியைத் தொட்டு நின்றது! ஒவ்வொரு மாடலுக்கும், அளவைக் காட்டும் 'ஆப்ஜெக்ட் சைஸ்' கட்டளையைப் போட்டுப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. ஒவ்வொன்றும் 2 ஜிபிக்குப் பக்கத்தில் இருந்தது.

லாஜிஸ்டிக் மாடலை ஓட்ட நான் பயன்படுத்திய கட்டளை 'ஜிஎல்எம்'. அது தரும் மாடல், தனக்குக் கொடுத்த டேட்டா முழுவதையும் தன்னுள்ளே வைத்துக்கொள்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வரை அது தனிப் பிரதி இல்லை, நான்கு மாடல்களும் நினைவகத்தில் உள்ள ஒரே டேட்டாவைத்தான் சுட்டுகின்றன. கோப்பில் எழுதும்போது அந்தப் பகிர்வு அறுந்துவிடுகிறது. ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு முழுப் பிரதி. என்னுடைய 300 நெடுவரிசை ஏறத்தாழ 1.7 ஜிபி. மூலம் ஒன்று, மாடல்கள் நான்கு, ஆக ஐந்து மடங்கு. கோப்பு சுருக்கப்பட்டு டிஸ்கில் 600 எம்பி சொச்சமாகக் கிடந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

தீர்வுக்கு நான்கு வரிதான் ஆனது. ஒவ்வொரு மாடலுக்குள்ளும் 'டேட்டா' என்ற உறுப்பை 'நல்' (வெறுமை) ஆக்கினேன். சம்மரி வருகிறது, புது டேட்டா கொடுத்தால் கணிப்பும் வருகிறது, எதுவும் கெடவில்லை. பிறகு ஒவ்வொன்றையும் 'சேவ் ஆர்டிஎஸ்' மூலம் தனித்தனிக் கோப்பாக வைத்தேன். மாடலை ஒரு ஃபங்ஷனுக்குள் ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் பாருங்கள்: மாடலின் ஃபார்முலாவோடு (எதைக் கொண்டு எதைக் கணிக்கிறோம் என்ற வரி) அந்த ஃபங்ஷனுக்குள் இருந்த எல்லாமே ஒட்டிக்கொண்டு கோப்புக்குள் போகும்.

ஆரை நான் இயக்கும் ஆர்ஸ்டூடியோ செயலியின் அமைப்புகளில், தொடக்கத்தில் '.ஆர்டேட்டா'வை ஏற்றும் டிக்கை எடுத்துவிட்டேன். மூடும்போது சேமிப்பதை 'நெவர்' ஆக்கினேன். புது மாறிகளுக்கான ஸ்கிரிப்டை லேபிலேயே உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அன்று ராத்திரி என் பழைய லேப்டாப்பில் நான்கு மாடல்களும் ஒரு நிமிடத்துக்குள் ஏறின.