இஷிகாகித் தீவில் தண்ணீருக்கடியில் வேலை

ஜப்பானில் ஸ்கூபா பயிற்றுநராக வேலை பார்க்க, நன்றாக முக்குளிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. சர்வதேச அமைப்புகள் கொடுக்கிற இன்ஸ்ட்ரக்டர் அட்டையும் போதாது. சம்பளத்துக்காகக் காற்றுக் கருவியோடு தண்ணீருக்கடியில் போகிற எவரும் ‘சென்சுய்ஷி’ என்ற அரசு உரிமம் வைத்திருக்க வேண்டும் என்பது அங்குள்ள தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம். துறைமுகச் சுவருக்கு அடியில் வெல்டிங் செய்கிறவருக்கும், சுற்றுலாப் பயணிக்கு மீன் காட்டுகிற எனக்கும் ஒரே தேர்வு. நீச்சலடித்துக் காட்டச் சொல்ல மாட்டார்கள், முழுக்க எழுத்துத் தேர்வுதான். முக்குளிப்பு வேலை, காற்று வழங்கலும் இறங்கி ஏறுவதும், அழுத்தத்தால் வரும் நோய்கள், சட்டம் என்று நான்கு பாடங்கள். கான்ஜி எழுத்துகளோடு மல்லுக்கட்டிப் படித்த அந்த மாதங்கள் சலிப்பாகத்தான் இருந்தன. ஆனால் உடம்பில் நைட்ரஜன் எப்படிக் கரைகிறது, அவசரமாக மேலே வந்தால் ஏன் குமிழாகிறது என்று நான் ஊன்றிப் படித்தது அப்போதுதான். “நாளை காலை விமானம், இன்று சாயங்காலம் இன்னொரு டைவ் போகலாமா?” என்று கேட்கிற வாடிக்கையாளரிடம், கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேர இடைவெளி வேண்டும், முடியாது என்று தயங்காமல் சொல்கிற தைரியம் அந்தப் படிப்பால் வந்தது.

இஷிகாகி ஒகினாவா மாகாணத்தின் தென்மேற்குக் கோடியில், யயெயாமா தீவுக் கூட்டத்தில் இருக்கிறது. தோக்கியோவைவிடத் தைவான் பல மடங்கு பக்கம். இங்கே நாள் காற்றிலிருந்து தொடங்குகிறது. கோடையில் தெற்கிலிருந்து அடித்தால், வடக்குக் கரையிலுள்ள கபிரா பக்கம் கடல் அமைதியாக இருக்கும், படகு அங்கே போகும். குளிர்காலத்தில் வாடைக்காற்று பிடித்துவிட்டால் கபிராவை மறந்துவிட வேண்டியதுதான், தெற்கே தாகெதோமி, குரோஷிமா தீவுகளை ஒட்டிப் போவோம். வாடிக்கையாளர் எவ்வளவு ஆசையோடு வந்திருந்தாலும், எங்கே போவது என்ற முடிவு படகோட்டியுடையது. அதில் பயிற்றுநர்கள் யாரும் வாதாடுவதில்லை, வாதாடவும் கூடாது என்பது என் எண்ணம்.

பெரும்பாலானவர்கள் மாண்டா திருக்கைக்காக வருகிறார்கள். கபிராவுக்கு அருகே கடலடியில் சில பாறைகள் இருக்கின்றன. சின்ன மீன்கள் மாண்டாவின் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும் இடம் அது. மாண்டா அங்கே வந்து வேகத்தைக் குறைத்து, பாறைக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருக்கும். நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தரைக்குப் பக்கத்தில் ஓரமாகத் தாழ்ந்து இருப்பது. துரத்தக் கூடாது, பாறைக்கு மேலே எழும்பக் கூடாது. ஒருவர் ஆசை தாங்காமல் நீந்திப் போனால் போதும், அது திரும்பிப் போய்விடும். அத்தனை பேர் காத்திருந்ததும் அதோடு வீண். சும்மா இருக்கக் கற்றுக்கொடுப்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான பாடம்.

பயிற்றுநர் வேலையும் புகைப்பட வேலையும் ஒன்றுக்கொன்று ஒத்துழைக்கும் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். தினமும் கடலுக்குள் போகிறீர்கள், அப்படியே படமும் எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள். உண்மையில் இரண்டும் ஒரே கண்ணைக் கேட்கிற வேலைகள். புதிதாக இறங்குகிற ஒருவரிடம் நான் கவனிப்பது அவர் விடும் குமிழிகளை. சீராக இடைவெளி விட்டு வந்தால் சரி, விடாமல் பொங்கிக்கொண்டே வந்தால் பயந்திருக்கிறார். அப்புறம் அவர் கை. கடல்மட்டத்திலிருந்து 10 மீட்டர் இறங்குவதற்குள் அழுத்தம் இரட்டிப்பாகிவிடுகிறது, காது அதை முதல் சில மீட்டரிலேயே உணரும். மூக்கைப் பிடித்து ஊதி காதைச் சரிசெய்துகொண்டே இறங்க வேண்டும். மூக்குக்குப் போக வேண்டிய கை காதுப்பக்கம் போனால் வலி தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மாஸ்க்குக்குள் கண் அகலமாக விரிவது, காற்று மானியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது, இதெல்லாம் நொடிகளில் நடப்பவை. கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் தவறிவிடும். அதனால் பயிற்சி வகுப்பு இருக்கிற நாளில் என் கேமரா படகை விட்டு இறங்காது.

படமெடுக்கிற நாட்கள் தனி. முந்தின இரவே தொடங்கிவிடும் அந்த வேலை. கேமராவை வைக்கிற நீர்புகாக் கூட்டில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அதைக் கழற்றி, விரல் நுனியில் துளி சிலிக்கான் கிரீஸ் எடுத்து, வளையம் முழுக்க மெதுவாக உருவிக்கொண்டே வருவேன். ஒரு முடி, ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் விரலுக்குத் தட்டும், கண்ணுக்குத் தட்டாது. அது அங்கே இருந்துவிட்டால் அந்த வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே வந்துவிடும். கீழே போனால் வேறு கணக்கு. தண்ணீர் முதலில் சிவப்பைத் தின்றுவிடுகிறது. நல்ல ஆழத்தில் விரலில் கீறல் பட்டால் இரத்தம் பச்சையாகத் தெரியும். செக்கச்செவேலென்ற மீன் மங்கிய பழுப்பாக நிற்கும், ஃபிளாஷ் அடித்தால்தான் அதன் நிறம் வரும். ஃபிளாஷையும் நேராக அடித்தால் இடையில் மிதக்கிற தூசியெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக விழும், இரண்டு பக்கமும் விலக்கி வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, கிட்டப் போக வேண்டும். இடையில் தண்ணீர் குறையக் குறையப் படம் தெளியும்.

அந்தக் ‘கிட்டப் போக வேண்டும்’ என்பதுதான் பவளத்துக்கு வினை. படமெடுக்கிறவர் தன்னை நிறுத்திக்கொள்ள எதையாவது பிடிக்கப் பார்ப்பார். பக்கத்தில் இருப்பது கொம்புக் கொம்பாக வளர்ந்த கிளைப் பவளம். அது ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வளர்கிறது, காலில் மாட்டும் ஃபின் துடுப்பின் ஒரு உதையில் முறிந்துபோகிறது. அனுபவமில்லாதவரைவிட, விலையுயர்ந்த கேமராவோடு வருகிற அனுபவசாலியைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை.

2016 கோடை வரை நான் பவளத்தைப் படத்தின் பின்னணியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு பசிபிக்கில் முதல் டைஃபூன் உருவானதே ஜூலையில். புயல் வந்தால் எங்களுக்குப் படகு கிடையாது, வருமானம் கிடையாது, ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் புயல்தான் கடலைக் கலக்கி, ஆழத்துக் குளிர்ந்த நீரை மேலே கொண்டுவருகிறது. அந்தக் கோடையில் கடலை ஆற்றும் அளவுக்கு அது வரவில்லை. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி நின்றது. பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தருகிற நுண்பாசிகள் வெளியேறின. முதலில் சில பவளங்கள் ஊதாவும் மஞ்சளுமாகப் பளிச்சென்று ஒளிர்ந்தன. வாடிக்கையாளர்கள் எவ்வளவு அழகு என்று சைகை காட்டினார்கள். அப்புறம் எல்லாம் வெள்ளை. அதற்குப் பின் பழுப்புப் பாசி படர்ந்தது. இஷிகாகிக்கும் இரியோமோத்தே தீவுக்கும் நடுவே இருப்பது செகிசெய் கடற்பரப்பு, ஜப்பானின் மிகப் பெரிய பவளப்பாறைப் பகுதி. அங்கே ஏறக்குறைய 70 சதவீதப் பவளம் இறந்துவிட்டதாகச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஆய்வு சொன்னது. 2022-லும் 2024-லும் மறுபடி பெரிய அளவில் வெளுத்தது.

அதிலிருந்து என் கேமராவுக்கு இன்னொரு வேலை வந்துவிட்டது. சில பவளங்களை ஒரே இடத்தில், ஒரே கோணத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்து ஆண்டுதோறும் படமெடுக்கிறேன். யாரும் வாங்குகிற படங்கள் அல்ல. இறந்த மேசைப் பவளத்தின் ஓரத்தில் விரல் நகம் அளவுக்குப் புதுப் பவளம் ஒட்டி வளர்வதை அடுத்தடுத்த படங்களில் பார்க்கும்போது வருகிற சந்தோஷம், மாண்டா படத்தில் எனக்கு வந்ததில்லை. மாண்டாவையும் இப்போது கீழேயிருந்து எடுக்கவே முயல்கிறேன். வயிற்றுப் புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு, அதை வைத்து எது திரும்பி வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

சாயங்காலம் எங்கள் டைவ் கடையில் ‘ரோகு-த்சுகே’ நடக்கும். எல்லாரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, மீன் புத்தகத்தைப் புரட்டி, அன்றைக்குப் பார்த்ததை அவரவர் பதிவேட்டில் எழுதுவோம். ஜப்பானில் இருக்கிற ஆறு வகைக் கோமாளி மீன்களையும் ஒகினாவாவில் பார்க்கலாம், ஆறும் முடியும்வரை திரும்பத் திரும்ப வருகிற முதியவர்கள் இருக்கிறார்கள். வேறெங்கும் இவ்வளவு பொறுமையாக எழுதுகிறவர்களை நான் பார்த்ததில்லை. ஒரு டைவில் பாதிதான் தண்ணீருக்கடியில் நடக்கிறது, மீதி அந்த மேசையில்தான் என்று எனக்குத் தோன்றும்.

கேமராவோடு வருகிறவர்களை முதல் டைவில் மணல் தரைக்குத்தான் கூட்டிப்போகிறேன். தரைக்கு அரை மீட்டர் மேலே, கையைக் கட்டிக்கொண்டு, மூச்சால் மட்டும் உயரத்தைக் காத்து நிற்கச் சொல்வேன். சிலர் முகம் சுளிப்பார்கள். பணம் கொடுத்து வந்திருக்கிறார்கள், புரிகிறது, இருந்தாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மணலிலும் பார்க்க இருக்கிறது. ஒரு வளைக்குள் சின்ன உளுவை மீனும் பார்வை மங்கிய இறாலும் சேர்ந்து வாழும். இறால் மணலை வாரி வெளியே கொட்டும்போது, ஒரு உணர்கொம்பை மீனின் உடம்பில் வைத்தபடியே இருக்கும். மீன் வாலை அசைத்தால் இரண்டும் உள்ளே. அந்த ஜோடியைப் படமெடுக்க, மணலைக் கிளப்பாமல், மூச்சை அடக்காமல், அங்குலம் அங்குலமாக நெருங்க வேண்டும். அதைச் செய்துவிட்டவரைப் பவளத்துக்குப் பக்கத்தில் கூட்டிப்போக எனக்குத் தயக்கமே இல்லை.