டேங்க் பக்கம் பாத்தா மட்டும் வர்ற கட்டா

போன வாரம் கராத்தே கிளாஸ் முடிஞ்சு பசங்க செருப்பு தேடிட்டு இருந்தப்போ ஒரு அம்மா கிட்ட வந்து, "மாஸ்டர், இவனோட ஃப்ரெண்டு வேற கிளாஸ்ல ஆரஞ்சு பெல்ட்டே வாங்கிட்டான், இவனுக்கு இன்னும் எல்லோவே வரலியே"ன்னு கேட்டாங்க. இன்னும் ரெண்டு மாசம் போகட்டும்மான்னேன். மொகம் சுருங்கிடுச்சு. அவங்கள தப்பு சொல்ல முடியாது, மாசாமாசம் ஃபீஸ் கட்டுறவங்களுக்கு கண்ணுக்கு தெரியறது அந்த பெல்ட் ஒண்ணுதான்.

பையன் நல்ல பையன். கட்டான்னா தனியா வரிசையா போடுற அடி, தடுப்பு அசைவுங்க. அதுல ஹெய்யான் ஷோடான் 21 கவுண்ட்டும் கடகடன்னு போட்டுருவான், ஒன்பதுலயும் பதினேழுலயும் கியாய்னு அந்த சத்தத்த கத்துனா கீழ் வீட்டு நாய் குலைக்கும். நானும் சரி பெல்ட் டெஸ்ட்டுக்கு விட்டுடலாம்னுதான் நெனச்சிருந்தேன். நாங்க மொட்டை மாடிலதான் பிராக்டிஸ் பண்றோம், எப்பவும் வாட்டர் டேங்க்க பாத்துதான் நிப்போம். ஒரு நாள் சும்மா அவன மாடிப்படி பக்கம் திருப்பி நிக்க வச்சு போடுறான்னேன். மூணு கவுண்ட் வந்துச்சு, நாலாவது அந்த சுத்தியல் குத்துக்கு கால பின்னாடி இழுக்கும்போதே எந்தப் பக்கம்னு தெரியாம நின்னுட்டான். அப்பதான் புரிஞ்சுது, அவன் மனப்பாடம் பண்ணுனது கட்டாவ இல்ல, எங்க மாடிய. டேங்க் வந்தா திரும்பணும், கொடிக்கயிறு வந்தா கத்தணும், அவ்ளோதான்.

இப்ப யார டெஸ்ட்டுக்கு அனுப்புறதா இருந்தாலும் மொதல்ல தெச மாத்தி நிக்க வச்சிடறேன். காலுக்கு கீழ ஒரு சாக்பீஸ் கோடு போட்டுடுவேன், இந்த கட்டா எங்க ஆரம்பிச்சோமோ அங்கயே வந்து முடியணும், ஒரு முழம் தள்ளி முடிஞ்சா ஸ்டான்ஸ், அதான் கால் வச்சு நிக்கற நிலை, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நீளத்துல வருதுன்னு அர்த்தம். அப்புறம் நடுவுல தப்பு பண்ணா என்ன செய்யறாங்கன்னு பாப்பேன். தலைய சொறிஞ்சு சிரிச்சா இன்னும் நாளாகும், தப்பா போனாலும் நிறுத்தாம அடுத்த கவுண்ட்ட புடிச்சுட்டா ரெடி. இதுக்கெல்லாம் காலண்டர்ல தேதி குறிக்க முடியாது.

நான் படிச்ச கிளாஸ்ல தேதிதான் எல்லாமே. மூணு மாசத்துக்கு ஒரு கிரேடிங், அதான் பெல்ட் டெஸ்ட், எல்லாரும் போகணும், எல்லாரும் பாஸ், ஃபீஸ் கட்டுனா போதும். நான் பிரவுன் பெல்ட் கட்டுன அன்னிக்கு என் மவாஷி கேரி, அதான் சுத்தி அடிக்கிற உதை, இடுப்புக்கு மேல போகாது, அதான் உண்மை.

அதுக்காக பழைய காலத்துல இப்படியா பெல்ட் குடுத்தாங்கன்னு ஆரம்பிச்சா, பழைய காலத்து கராத்தேல பெல்ட்டே கிடையாது. ஜூடோவ உருவாக்குன கானோ அதுல 1883ல டான், அதாவது பிளாக் பெல்ட் கிரேடு, குடுக்க ஆரம்பிச்சாரு, அத பாத்து கராத்தே மாஸ்டர் ஃபுனாகோஷி கராத்தேக்கு கொண்டு வந்தது 1924ல. ஹெய்யான் கட்டா எல்லாமே இத்தோசுங்கற கராத்தே மாஸ்டர் ஒகினாவா தீவு ஸ்கூல் பிள்ளைங்களுக்காக பண்ணுனது, அதுல மொதல் கட்டா கஷ்டமா இருக்குன்னு ஃபுனாகோஷி ரெண்டாவத முன்னாடி கொண்டு வந்துட்டாரு. அவரே பிள்ளைங்களுக்கு எது வரும்னு பாத்து வரிசைய மாத்தியிருக்காரு.

ரொம்ப கறாரா இருக்கறதும் வேலைக்கு ஆகாது, அத பட்டுதான் கத்துக்கிட்டேன். ஒரு பொண்ணு, எட்டாவது படிச்சுட்டு இருந்தா, கிரீன் பெல்ட்டுக்கு எப்பவோ ரெடி. இன்னும் கொஞ்சம் ஷார்ப்பா வரட்டுமேன்னு ரெண்டு கிரேடிங் தள்ளிப் போட்டேன், ஏன்னு அவகிட்ட ஒரு வார்த்த சொல்லல. வர்றத நிறுத்திட்டா. ஃபோன் பண்ணா அவங்கப்பா, "நமக்கு இது வராதுப்பான்னு சொல்லிட்டா மாஸ்டர்"ங்கறாரு. கிளாஸ்லயே நல்ல ஸ்டான்ஸ் அவளோடதுதான். அதுக்கப்புறம் யாரையாவது நிறுத்தி வச்சா காரணத்த பிள்ளைகிட்டயே நேரா சொல்லிடறேன், அம்மா அப்பாகிட்ட அப்புறம்.

இந்தப் பையன்கிட்டயும் சொன்னேன். படிக்கட்டு பக்கம், தெரு பக்கம், பக்கத்து வீட்டு மாமரம் பக்கம், நாலு பக்கமும் பாத்து போட்டா டெஸ்ட்டுன்னு. பய தெனமும் வீட்டு ஹால்ல சோஃபாவ தள்ளிட்டு போடுறானாம், அவங்கம்மாவே சொன்னாங்க. நேத்து மூணு பக்கம் வந்துடுச்சு, மாமரத்து பக்கம் மட்டும் பதினாலுல மாட்டிக்கிட்டான். வேர்த்து ஊத்துது, அப்படியே என்ன பாத்து, "மாஸ்டர், கடைசி ஒரு தடவ டேங்க் பக்கம் பாத்து போட்டுக்கவா?"ங்கறான்.