பாம்பாற்றின் கேடிஸ் பூச்சிகள்: கல்லடியிலிருந்து சருகுக் குட்டை வரை

மலை ஓடையில் கேடிஸ் பூச்சிகளைக் கணக்கெடுக்கச் செல்பவர்கள், நீர் நுரைத்து ஓடும் கற்பரப்பில்தான் பெரும்பாலும் முதலில் வலையை வைப்பார்கள். அங்கே கற்களைக் காலால் கிளறிய சில நிமிடங்களில் வலை நிறையப் புழுக்கள் சேர்ந்துவிடும் என்பதால், வேலை முடிந்ததென்ற எண்ணமும் எளிதில் வந்துவிடும். கொடைக்கானல் மலையிலிருந்து இறங்கிப் பெரியகுளத்துக்கு அருகே கும்பக்கரையில் அருவியாக விழும் பாம்பாற்றைப் போன்ற ஓர் ஓடையில் அப்படி எடுக்கும் பட்டியல் பாதிப் பட்டியல்தான் என்பது என் கருத்து.

வளர்ந்த கேடிஸ் பூச்சி அந்துப்பூச்சியின் நெருங்கிய உறவு. ஆனால் இதன் சிறகுகளில் செதில்களுக்குப் பதிலாக மயிர்கள் இருக்கும். உலகில் 16,000க்கும் மேற்பட்ட இனங்களும் இந்தியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்களும் பதிவாகியுள்ளன. இவற்றின் புழுக்கள் நீருக்குள் வாழ்ந்து, வாயருகே சுரக்கும் பட்டிழையைக் கொண்டு வலை பின்னுகின்றன அல்லது கூடு கட்டுகின்றன. எதைக் கட்டுகின்றன என்பதை அவை வாழும் இடமே பெரிதும் தீர்மானிக்கிறது.

வேகநீரில் வாழும் ஹைட்ரோப்சைக்கிடே குடும்பத்துப் புழுக்கள் கற்களுக்கிடையே வலை கட்டி, நீர் அடித்துவரும் துகள்களை உண்கின்றன. கொடைக்கானலின் பெயரைத் தாங்கி 1980இல் விவரிக்கப்பட்ட ஸ்டெனோப்சைக்கி கொடைக்கானலென்சிஸ் என்ற இனமும் இப்படி வலை கட்டும் வகையைச் சேர்ந்ததே. கற்களின் அடிப்புறத்தில் மிக நுண்ணிய கண்களுடைய நீண்ட பைவலைகள் தென்பட்டால், அவை ஃபிலோபொட்டாமிடே குடும்பத்தினுடையவை. கல்லைத் தூக்கியதும் அவை சளி போலச் சுருங்கிவிடுவதால், பழகாத கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

நீர் தேங்கிச் சருகு படியும் குட்டைகளில் காட்சி முற்றிலும் மாறுகிறது. அனைசோசென்ட்ரோபஸ் புழு இலையிலிருந்து இரண்டு நீள்வட்டத் துண்டுகளை வெட்டி, பெரியதை மேலும் சிறியதைக் கீழுமாக ஒட்டி, நடுவில் வாழ்கிறது. வெள்ளைத் தட்டில் கொட்டிய சருகுகளைச் சற்று நேரம் அசையாமல் விட்டுவைத்தால், அவற்றுள் ஒன்று நடக்கத் தொடங்கும். இவ்வகைப் புழுக்களுக்கு உணவும் கூரையும் கரையோர மரங்களே. நீர்மருதும் நாவலும் நின்ற கரையை வெட்டி வெளியாக்கினால், நீர் தெளிவாகவே ஓடினாலும் இவை குறைந்துவிடும்; வேகநீரில் மட்டும் வலை வைத்தவருக்கு அந்த இழப்பு தெரியவே தெரியாது.

நீரில் வாழும் சிற்றுயிர்களைக் கொண்டு ஓடைநீரின் தூய்மையை அளக்க பிரிட்டனில் உருவான பி.எம்.டபிள்யூ.பி. மதிப்பெண் முறை, மாசைத் தாங்கக்கூடிய ஹைட்ரோப்சைக்கிடேவுக்கு 5 மதிப்பெண்ணும், சருகுகளுக்கிடையே பெரிதும் காணப்படும் லெபிடோஸ்டொமாட்டிடே என்ற கேடிஸ் குடும்பத்துக்கு 10 மதிப்பெண்ணும் தருகிறது. அந்த மதிப்பெண்களை நம் மலைகளுக்கு அப்படியே பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை என்றாலும், குட்டையை விட்டுவிட்டால் ஓடையின் மதிப்பே மாறிப்போகும் என்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது. ஆகவே வேகநீர், குட்டை, கசியும் பாறை, கரையோர வேர் ஆகிய ஒவ்வொன்றின் மாதிரியையும் தனித்தனிக் குப்பியில், 80 சதவீத எத்தனாலில் இட்டு வைக்க வேண்டும்.

ஹெலிகோப்சைக்கி புழு மணலால் கட்டும் சுருள்கூட்டை அமெரிக்க நத்தை ஆய்வாளர் ஐசக் லீ 1834இல் நத்தையென்றே எண்ணிப் பெயரிட்டார் என்பதால், நத்தைகளென்று ஒதுக்கியவற்றையும் ஒருமுறை உருப்பெருக்கியில் பார்ப்பது நல்லது.

புழுவை வைத்துப் பெரும்பாலும் பேரினம் வரைதான் செல்ல முடியும். இனத்தை உறுதிசெய்ய ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பைப் பார்த்தாக வேண்டும் என்பதால், அந்தி சாய்ந்ததும் ஓடைக்கரையில் வெள்ளைத் துணி கட்டிப் புறஊதா விளக்கு ஏற்றுவது வழக்கம். ஆயினும் விளக்குக்கு வரும் பூச்சி எந்த மூலையில் வளர்ந்தது என்பதை விளக்கு சொல்லாது. அதற்குக் கல்லில் ஒட்டி மூடப்பட்ட கூட்டுப்புழுவைத் தேடுவதே மேல். முதிர்ந்த ஆண் கூட்டுப்புழுவில் வளர்ந்த பூச்சியின் உறுப்புகள் தெரியும், அது உரித்த புழுத்தோலின் கடினப் பகுதிகளும் அதே கூட்டின் உள்ளே ஒதுங்கிக் கிடக்கும். புழு, பூச்சி, வாழிடம் மூன்றையும் ஒரே கூட்டிலிருந்து இணைத்துவிடலாம்.