அப்பாவின் மூச்சை எண்ணிய மிஸ்

அப்பாவுக்கு 67 வயது. சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் மூன்றுக்கும் மாதக் கிளினிக். போன ஆவணியில் ஒரு பின்னேரம், உப்புவெளி வீட்டில் நெஞ்சுக்குள் ஏதோ அமத்துது என்றார். "மத்தியானம் திண்ட கணவாய்தான், வாய்வு" என்று தீர்ப்பையும் அவரே சொல்லிவிட்டார். அம்மா உள்ளியும் இஞ்சியும் அவித்துக் கொடுத்தா. ஒரு மணித்தியாலம் அதிலேயே போனது. பிழை எங்களுடையதுதான். வேர்த்துக் கொட்டத் தொடங்கிய பிறகே 1990 அம்புலன்சுக்கு அடித்தேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் போனவுடன் ஈசிஜி. நோர்மல். இதயத் தசை பழுதானால் இரத்தத்தில் ஏறுகிற ட்ரோபோனின், அந்த முதல் டெஸ்டும் நோர்மல். அப்பா சட்டைப் பொத்தானைப் பூட்டத் தொடங்கிவிட்டார். டொக்டர் விடவில்லை. நெஞ்சுநோவின் கதை, ஈசிஜி, வயது, இருக்கிற வருத்தங்கள், ட்ரோபோனின் என்று ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மார்க் போட்டார். ஹார்ட் ஸ்கோராம், நெதர்லாந்துக்காரர் உண்டாக்கியது. 65 தாண்டியதால் 2, மூன்று வருத்தத்துக்கு 2, கணவாய்க் கதை குழப்பியதில் 1. மொத்தம் 5. மூன்றுக்குள் என்றால் வீட்டுக்கு விடுவார்களாம். 4 முதல் 6 வரை என்றால் மறித்து வைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். எல்லாம் நோர்மல், பிறகென்ன?

இரவு பதினொரு மணியிருக்கும். வாட்டுத் தாதி மிஸ் வந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தா. நாடி பார்க்கிறா என்று நினைத்தேன். கண் அடிக்கடி அப்பாவின் நெஞ்சுக்குப் போய் வந்தது. முழுசாக ஒரு நிமிடம். வெளியே வந்ததும் கேட்டேன். "மூச்ச எண்ணினேன். எண்ணுறது தெரிஞ்சா ஆக்கள் மூச்ச மாத்திருவாங்க" என்றா.

எட்டு மணிக்கு 18 ஆக இருந்த மூச்சு 24. நாடி 88இலிருந்து 112. ஒட்சிசன் 97இலிருந்து 93. பிரஷர், காய்ச்சல், நினைவு மூன்றிலும் மாற்றமில்லை. இது ஹார்ட் ஸ்கோர் இல்லை, வாட்டில் ஆளின் நிலை மோசமாகிறதா என்று பார்க்கிற வேறு கணக்கு. மாறிய ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க், கூட்டினால் 6. ஐந்து வந்தாலே டொக்டரை உடனே கூப்பிட வேண்டுமாம். அப்பாவோ, "எனக்கொண்டுமில்ல, நித்திரை கொள்ள விடுங்க" என்று சிணுங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது ஈசிஜியில் கோடு கீழே இறங்கியிருந்தது; ட்ரோபோனினும் ஏறியிருந்தது. வயிற்றில் ஊசி போட்டு, மொனிட்டர் உள்ள கட்டிலுக்கு மாற்றினார்கள். பக்கத்திலேயே ஷொக் கொடுக்கும் மெஷின் தயாராக நின்றது. அது தேவைப்படவில்லை.

வாட்டில் இதயம் நின்றுபோகிற பலருக்குச் சில மணித்தியாலங்களுக்கு முன்பே உடம்பு காட்டிவிடுமாம். அதிலும் மூச்சுத்தான் முந்தும், அதைத்தான் ஒருவரும் எண்ணுவதில்லை என்றார் டொக்டர். இதயம் நிற்குமா நிற்காதா என்று அந்த மார்க் சொல்லாது. எத்தனை மணிக்கு ஒருக்கா வந்து பார்க்க வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று மட்டும் சொல்லும். அப்பாவுக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது கிளினிக் கொப்பிக்குள் மருந்துத் துண்டோடு பழைய ஈசிஜியும் இருக்கிறது. புதியதோடு ஒப்பிட்டுப் பார்க்க அதைத்தான் முதலில் கேட்பார்கள். அசல் தாள் நாளாக நாளாக மங்கிவிடும், போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள்.