எடைக்கு மேலே ஒரு விலை

பாம்படம் என்ற பழைய காதணி, சரிகைப் பட்டு, ராஜா தலை போட்ட வெள்ளிப் பதக்கம். இந்த மூன்றையும் ஒரே ஆள் எதற்குச் சேர்க்க வேண்டும் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு மூன்றும் ஒரே வகைப் பொருள்தான். மூன்றிலும் தங்கமோ வெள்ளியோ இருக்கிறது. அதனாலேயே மூன்றும் அழிகின்றன. கொள்ளுப்பாட்டியின் மரப்பாச்சி பரணில் கிடந்தாவது பிழைத்துவிடும். அவள் காதில் போட்டிருந்த பொன் அப்படிப் பிழைப்பதில்லை. பேத்தி கல்யாணத்துக்கு வளையலாகிவிடும். புடவையைத் தெருவில் கூவிக்கொண்டு வருகிறவர் எடுத்துப் போய்ச் சரிகையை எரித்து வெள்ளியைப் பிரிப்பார். பதக்கம் கொலுசாகும். நம் ஊரில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். 1980 ஜனவரியில் வெள்ளி விலை ஓர் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது, முதல் உலகப்போர் பதக்கங்களை பிரிட்டனிலேயே ஏராளமாக உருக்கினார்கள்.

அதனால் இதைச் சேர்க்கிறவருக்குப் பெரிய வேலை, உருக்குகிறவருக்கு முன்னால் போய் நிற்பது. தாமிரபரணிக் கரையோரம் ஒரு வீட்டில் பாகப்பிரிவினை நடந்தபோது ஒரு ஜோடி பாம்படமும் ஒரு பதக்கமும் என் கைக்கு வந்தன. அவற்றை வாங்கியதிலிருந்து பத்திரப்படுத்தியது வரை நடந்ததை எழுதுகிறேன். இதே வழியில் இறங்க நினைக்கிறவர்களுக்கு உதவும்.

அந்த வீட்டு ஆச்சிக்குக் காது தோளைத் தொடுகிற அளவுக்கு வளர்ந்திருந்தது. சின்னப் பிள்ளையில் காது குத்தி, துளையில் பஞ்சு வைத்து, அப்புறம் குணுக்கு என்ற கனத்த வளையத்தை மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கூட்டித்தான் காதை வளர்ப்பார்கள். வளர்ந்த காதில் பாம்படம், தண்டட்டி, முடிச்சு என்று வரிசையாக ஏறும். மேல் காதில் கொப்பும் முருகும். திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைப் பக்கம் ஒரு காலத்தில் எல்லா ஊரிலும் இதைப் பார்க்கலாம். போன நூற்றாண்டின் நடுவில் வழக்கம் குறையத் தொடங்கியது. காதைத் தைத்துக்கொண்டு தோடு மாட்டிய தலைமுறை வந்ததும் பாம்படத்துக்கு வீட்டில் வேலை இல்லாமல் போயிற்று.

நான் விலை பேசப் போனபோது ஆச்சி கேட்டது: "ஏளா, இத வச்சு நீ என்ன செய்யப் போற? உன் காதுல மாட்ட முடியாதே."

"மாட்டறதுக்கு இல்ல ஆச்சி. அப்படியே வச்சிருக்கப் போறேன். உருக்க மாட்டேன்."

"உருக்காம வச்சு?"

அதற்கு என்னிடம் சின்ன பதில் எதுவும் இல்லை. பாம்படத்தைக் கையில் வைத்துத் திருப்பிக் காட்டினேன். சதுரம், அரைக்கோளம், வட்டத்தட்டு, கூம்பு என்று வெறும் கணக்கு வடிவங்களை அடுக்கி ஓர் உருவத்தைச் செய்திருக்கிறார் பெயர் தெரியாத ஓர் ஆசாரி. பூ இல்லை, கொடி இல்லை, கல் பதிப்பு இல்லை. இந்தியாவின் மற்ற பகுதி நகைகளில் இவ்வளவு துணிச்சலான வடிவத்தை நான் பார்த்ததில்லை. இதை உருக்கினால் கிடைப்பது சில பவுன் தங்கம். இதைச் செய்யத் தெரிந்த கை மட்டும் திரும்பக் கிடைக்காது. ஆச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, மருமகன்ட்ட பேசு" என்றார்.

விலை பேசுவதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள். பாம்படம் முழுத் தங்கம் கிடையாது. மெல்லிய தங்கத் தகட்டை அச்சில் தட்டி வடிவம் எடுத்து, உள்ளே அரக்கை நிரப்பியிருப்பார்கள். தராசில் வைத்தால் இரண்டும் சேர்ந்த எடைதான் தெரியும். தண்ணீரில் அமிழ்த்தி அடர்த்தி பார்க்கிற முறையும் உள்ளே அரக்கு இருப்பதால் உதவாது. நகைக்கடையில் இருக்கிற காரட் மீட்டர் மேற்பரப்பை மட்டும்தான் படிக்கும். பற்றவைத்த இடத்தில் வைத்தால் மாற்று, அதாவது பொன்னின் தூய்மை, குறைவாகக் காட்டும், தகட்டின் நடுவில் வைத்தால் கூடக் காட்டும். உள்ளே எவ்வளவு பொன் என்று துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் உடைத்து அரக்கை எடுத்தாக வேண்டும். விற்கப் போகிற கடைகளில் அதைத்தான் செய்கிறார்கள். அந்தக் குடும்பம் எனக்கு முன்னால் போயிருந்த ஒரு கடையில், உடைப்பதற்கு முன்பே அரக்குக் கழிவு என்று மொத்த எடையில் பாதிக்கும் மேல் தள்ளிப் பேசியிருக்கிறார்கள். அந்தக் கோபத்தில்தான் நகை வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தது.

நான் செய்தது இதுதான். பரம்பரையாகப் பட்டறை வைத்திருக்கும் வயதான ஆசாரி ஒருவரை வீட்டுக்கே அழைத்துப் போனேன். அவர் இதுமாதிரி நகைகளை உடைத்து அரக்கு எடுத்த அனுபவம் உள்ளவர். உரைகல்லில் ஓரத்தை லேசாகத் தேய்த்து மாற்றுப் பார்த்தார். தகட்டின் கனத்தை விரலால் தட்டி, சத்தத்தை வைத்து ஒரு கணக்குச் சொன்னார். இரண்டு தரப்பும் அந்தக் கணக்கை ஒத்துக்கொண்டோம். அன்றைய தங்க விலைப்படி வந்த தொகைக்கு மேல் ஒரு பங்கு கூட வைத்துக் கொடுத்தேன். அந்தக் கூடுதல் பணம் முக்கியம். எடை விலைக்கே வாங்கினால் உருக்குகிறவருக்கும் நமக்கும் வித்தியாசம் இல்லை. அடுத்த வீட்டுக்காரர் நம்மைத் தேடி வர வேண்டுமானால், வடிவத்துக்கும் விலை உண்டு என்பது ஊருக்குத் தெரிய வேண்டும்.

பணத்தை வங்கி வழியாகத்தான் கொடுத்தேன். ஒரு வெள்ளைத்தாளில் நகையின் விவரம், எடை, யாருடைய கல்யாணத்துக்கு யார் போட்டது, யாருக்கு எப்படிப் பாகமாக வந்தது என்று எழுதி, பங்காளிகள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன். ஆச்சி கைநாட்டு வைத்தார். நகையோடு சேர்ந்த போட்டோவும் எடுத்து வைத்துக்கொண்டேன். பழைய பொன் கைமாறும்போது திருட்டு நகை என்ற சந்தேகம் எப்போது வேண்டுமானாலும் வரலாம். பங்காளிகளில் ஒருவர் பின்னால் வந்து தனக்குத் தெரியாமல் விற்றுவிட்டார்கள் என்றும் சொல்லலாம். இதற்கெல்லாம் அந்த ஒரு தாள்தான் பதில். நூறு வருஷம் கழித்து அந்த நகைக்கு ஓர் ஊரும் பெயரும் இருப்பதும் அதனால்தான்.

பதக்கம் அதே பெட்டியின் அடியில், திருநீற்றுப் பையோடு கிடந்தது. அதைத் தனியாக விற்கிற எண்ணமே அவர்களுக்கு இல்லை. "ராசா தல போட்ட வெள்ளி" என்று நகையோடு எடையில் சேர்த்திருந்தார்கள். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜின் தலை, கிரீடம் இல்லாமல், இடது பக்கம் பார்த்தபடி. மறுபக்கம் குதிரை மேல் ஓர் ஆண் உருவம். முதல் உலகப்போரில் சேவை செய்தவர்களுக்குக் கொடுத்த பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் அது. 36 மில்லிமீட்டர் குறுக்களவு, ஏறக்குறைய ஓர் அவுன்ஸ் வெள்ளி. மன்னர் தலையைச் செதுக்கியவர் பெர்ட்ரம் மெக்கன்னல். குதிரை வீரர் பக்கம் வில்லியம் மெக்மில்லன் செய்தது. நடுவில் அகலமான ஆரஞ்சுப் பட்டையும் ஓரங்களில் வெள்ளை, கறுப்பு, நீலக் கோடுகளும் உள்ள ரிப்பன் இதற்கு உண்டு. இதில் அது இல்லை. தொழிற்படைகளில் இருந்த இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் மால்ட்டாக்காரர்களுக்கும் இதே பதக்கத்தை வெண்கலத்தில் கொடுத்தார்கள். வெள்ளியில் வந்தால் பெரும்பாலும் படையில் இருந்தவர்.

யாருடையது என்பதைத் தலைப் பக்கத்திலோ குதிரைப் பக்கத்திலோ தேடக் கூடாது, விளிம்பில் தேட வேண்டும். எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கையும் அங்கேதான் அழுத்திப் பொறித்திருப்பார்கள். நம் வீடுகளில் வெள்ளி என்றால் திருநீறு போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது வழக்கம். வருஷாவருஷம் தேய்த்ததில் மன்னரின் மீசை கூட மழுங்கிப் போயிருந்தது. விளிம்பும் பாதி அழிந்திருந்தது. இருட்டறையில் ஒரு டார்ச்சை விளிம்புக்குச் சாய்வாகப் பிடித்து, பதக்கத்தை மெதுவாக உருட்டிக்கொண்டே போனில் வீடியோ எடுத்தேன். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் நிழலாக எழுந்து வந்தது. பெயரின் பின்பாதியும் '61 பயனியர்ஸ்' என்பதும் தெரிந்தன.

61-ஆம் பயனியர்ஸ் மதராஸ் படைப்பிரிவுகளில் ஒன்று. 1914 அக்டோபரில் பம்பாயிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய படையில் இவர்களும் இருந்தார்கள். பாளையங்கோட்டைப் பெயரைத் தாங்கிய 63-ஆம் படைப்பிரிவும் அதே படையில் போனது. நவம்பர் தொடக்கத்தில், இன்றைய தான்சானியாவில் இருக்கும் டாங்கா துறைமுகத்தில் இறங்கினார்கள். எண்ணிக்கையில் ஜெர்மன் தரப்பைவிடப் பல மடங்கு பெரிய படை. ஆனாலும் தோற்றுத் திரும்பியது. சண்டை நடுவில் தேனீக்கள் கிளம்பிக் கொட்டியதால் அந்தப் போருக்குத் தேனீக்களின் போர் என்றே பெயர் வந்துவிட்டது. இந்தப் பதக்கத்துக்கு உரியவர் டாங்காவில் இருந்தாரா, பின்னால் சேர்ந்தாரா என்பதைப் பதக்கம் சொல்லாது. அந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்பது வரைதான் அதன் சாட்சி.

ஆச்சியிடம் போய் இதைச் சொன்னேன். அவருடைய மாமனார் கப்பலில் போய் வந்தவர் என்பது மட்டும் வீட்டில் பேச்சாக இருந்திருக்கிறது. ரங்கூன் என்றுதான் எல்லாரும் நினைத்திருக்கிறார்கள். நான் ஆப்பிரிக்கா என்றதும் பேரன்கள் ஓடிவந்து உட்கார்ந்தார்கள். பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். மருமகன் யோசித்துவிட்டு, "நீங்களே வச்சிருங்கக்கா, எங்ககிட்ட இருந்தா மறுபடியும் தேச்சிருவாங்க" என்றார். விளிம்பின் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, கண்ணாடி சட்டத்தில் வைத்து அவர்களுக்குக் கொடுத்தேன்.

அந்தக் குடும்பத்தில் வெளிநாட்டில் இருக்கும் ஒருவர், பதக்கத்தைத் தனக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டார். முடியாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் 1976-ல் நடைமுறைக்கு வந்தது. வரலாற்று மதிப்புள்ள, 100 ஆண்டு கடந்த பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. பெட்டியில் மறைத்துக் கொண்டுபோனாலும் குற்றம்தான். கற்சிலை, உலோகச் சிற்பம், ஓவியம், சித்திரம் உள்ள சுவடி போன்றவற்றை வைத்திருப்பவர்கள் தொல்லியல் துறையில் பதிவும் செய்ய வேண்டும். சாதாரண நகை, துணி, பதக்கம் அந்தப் பதிவுப் பட்டியலில் இல்லை. வாங்கி விற்பதைத் தொழிலாகச் செய்தால் உரிமம் வேண்டும். நான் விற்பதில்லை.

புடவை மதுரையில் ஒரு வீட்டிலிருந்து தனியாக வந்தது. ஒன்பது கஜம், அரக்கு நிறம், கோர்வைக் கரை. உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருந்து, உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா (நெசவு ஓடம்) ஓட்டிக் கோத்து நெய்ததைக் கோர்வை என்பார்கள். காஞ்சிபுரத்துக் கைவேலை அது. அசல் சரிகை என்றால், சிவப்புப் பட்டு இழையைச் சுற்றி வெள்ளித் தகட்டிழை ஓடி, அதன்மேல் பொன் முலாம் இருக்கும். ஓரத்தில் ஏற்கனவே பிரிந்திருந்த ஓர் இழையை எடுத்துச் சுரண்டினால் உள்ளே சிவப்புத் தெரியும். இதற்காகப் புதிதாக எதையும் பிரிக்கத் தேவையில்லை.

பாம்படத்துக்கும் பதக்கத்துக்கும் பெரிய பராமரிப்பு கிடையாது. பாம்படத்தைச் சுடுதண்ணீரில் காட்டக் கூடாது, கடைகளில் நகை கழுவும் அதிர்வு மெஷினில் போடவே கூடாது. அரக்கு இளகும், விரியும், தகடு பிளக்கும். பதக்கத்தைத் தேய்க்கவே கூடாது. பி.வி.சி. கவரில் போட்டால் நாளாக நாளாகப் பிசுபிசுப்புப் படியும், அதனால் பாலியெஸ்டர் உறை வாங்கி வைத்திருக்கிறேன். வெள்ளிக்குப் பக்கத்தில் ரப்பர் பேண்ட் இருந்தால் கறுத்துவிடும்.

புடவைதான் தினம் கவலை தருகிறது. பட்டு மடிப்பில்தான் உடையும். சரிகையின் கனம் மடிப்பை இழுக்க, பல வருஷம் ஒரே மடிப்பில் பீரோவில் இருந்த இடமெல்லாம் கோடாகக் கிழிந்திருந்தது. நாங்கள் இரண்டு பேராக நின்று, பலமுறை துவைத்துக் கஞ்சி போன பருத்தி வேட்டியைத் தரையில் விரித்து, அதன்மேல் புடவையைப் படுக்க வைத்தோம். அகலமான குழாயில் வேட்டியைச் சுற்றி, அதன்மேல் புடவையையும் இன்னொரு மெல்லிய துணியையும் சேர்த்து உருட்டினோம். சரிகைப் பக்கம் வெளிப்புறமாக இருக்க வேண்டும், உட்புறமானால் கசங்கும். கிழிந்த இடங்களை இழுத்துத் தைக்கவில்லை. பின்னால் மெல்லிய வலைத்துணியை வைத்து, பட்டு நூலால் தளர்வாகப் பிடித்திருக்கிறோம். டிரை கிளீனிங்குக்குக் கொடுக்கும் எண்ணமே இல்லை. கறுத்த சரிகை கறுத்தபடியே இருக்கட்டும்.

பூச்சிக்கு நாப்தலின் உருண்டையை விட்டுவிட்டேன். தஞ்சை சரஸ்வதி மகால் நூலகத்தில் சுவடிகளுக்கு வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை இடித்து, கர்ப்பூரம் சேர்த்துத் துணியில் முடிந்து வைக்கும் பழக்கம் உண்டு. அதே பொடியைச் சிறு முடிச்சுகளாகக் கட்டி, துணியில் படாமல் அலமாரியின் மூலைகளில் வைத்திருக்கிறேன். வாசம் குறைந்ததும் மாற்றுகிறேன். மழைக்காலத்தில் மட்டும், வெயில் வந்த நாளாகப் பார்த்துக் குழாயை வெளியில் எடுத்து, நிழலில் வைத்துக் காற்றாட விடுகிறேன்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை எழுதியிருக்கிறேன். புடவையின் அட்டையில் மட்டும் ஓர் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. யாருடைய கல்யாணப் புடவை என்பது அந்த வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு விதமாக நினைவிருக்கிறது. இரண்டையும் பென்சிலில் குறித்து வைத்திருக்கிறேன். அவர்கள் வீட்டுப் பழைய கல்யாண போட்டோ திருச்சியில் ஒரு சித்தியிடம் இருப்பதாகச் சொன்னார்கள். கரையின் வடிவம் போட்டோவில் தெரிந்தால் கேள்வி தீர்ந்துவிடும். அடுத்த மாதம் போய்ப் பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறேன்.