டர்ன்டேபிளை உயிரோடு வீடு கொண்டுசேர்ப்பது

பழைய டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றிப் பாட்டு கேட்கும் மெஷின்) வாங்க வெளியூர் கிளம்பும்போது பையில் ஒரு டார்ச், சின்ன ஸ்க்ரூடிரைவர், ஊசி எடை பார்க்கும் குட்டித் தராசு, கீறல் விழுந்தாலும் பரவாயில்லை என்கிற ஒரு எல்பி இசைத்தட்டு, இரண்டு பழைய பெட்ஷீட் இருக்கட்டும். பெட்ஷீட் திரும்பி வரும்போதுதான் தேவைப்படும்.

போனதும் முதலில் ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மைப் பாருங்கள். அச்சுக்குப் பக்கத்தில் மெல்லப் பிடித்து அசைத்தால் 'டிக்' என்று ஆட்டம் தெரியக் கூடாது. தெரிந்தால் பேரிங் போச்சு. விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அடுத்து இசைத்தட்டை வைக்கும் சுழல் வட்டான பிளாட்டரைக் கையால் சுற்றி, ஓரத்தைக் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினாலோ உரசல் கேட்டாலோ யோசிக்க வேண்டும். தொய்ந்த பெல்ட்டும் மழுங்கிய ஊசியும் பெரிய குறையே அல்ல, பேரத்துக்கு நல்ல சாக்கு. ஆர்ம் நுனியிலுள்ள ஹெட்ஷெல்லில் அரை அங்குல இடைவெளியில் இரண்டு திருகு இருந்தால் பெரும்பாலான புது கார்ட்ரிட்ஜுகளை (ஊசியைத் தாங்கும் சின்னப் பெட்டி) மாட்டலாம்.

பின்பக்க லேபிளைப் படிக்காமல் காசு எடுக்காதீர்கள். கரண்டின் ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேகத்தில் சுற்றுவது சின்க்ரனஸ் மோட்டார். 60 ஹெர்ட்ஸ் ஏசி சின்க்ரனஸ் மோட்டாரை 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஓட்டினால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று வர வேண்டியது 28-ஐக்கூடத் தொடாது. பாடகி ஆணாகிவிடுவார். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது.

நல்ல மெஷின்கள் பல, திரும்பும் வழியில்தான் சாகின்றன. ஊசி உறையை மாட்டுங்கள். ஹெட்ஷெல், ஆர்மின் பின்முனையிலுள்ள எதிர் எடை, பிளாட்டர் மூன்றையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்றுங்கள். பிளாட்டரை அப்படியே விட்டால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அச்சை இடிக்கும். ஆர்மை அதன் தாங்கியோடு நூலால் கட்டுங்கள். ஸ்பிரிங் சஸ்பென்ஷன் மாடலில், பயணத்தில் ஆடாமல் பூட்டும் டிரான்சிட் ஸ்க்ரூ இருந்தால் இறுக்குங்கள். பெட்டியைச் செங்குத்தாக நிறுத்த வேண்டாம். படுத்த வாக்கில் மடியில் வைப்பதே மேல்.

வீட்டில் ஸ்பீக்கர் இல்லாத மேஜையில் வைத்து, ரசமட்டத்தால் சமன் பாருங்கள். பெல்ட் ஓடும் புல்லியை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அழுக்கு இருந்தால் பெல்ட் வழுக்கி வேகம் தள்ளாடும். ஆர்ம் உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் ஆன்டி-ஸ்கேட்டைச் சுழியத்தில் வைத்து, ஆர்ம் காற்றில் மிதக்கும்வரை எதிர் எடையைத் திருகுங்கள். மிதந்ததும் எடையை அசைக்காமல் எண் வளையத்தை மட்டும் சுழியத்துக்குக் கொண்டுவந்து, பிறகு உங்கள் கார்ட்ரிட்ஜுக்குச் சொன்ன எண் வரும்வரை இரண்டையும் சேர்த்துத் திருப்புங்கள். ஆடியோ-டெக்னிக்கா ஏடி-விஎம்95இ கார்ட்ரிட்ஜ் என்றால் 2 கிராம். ஆன்டி-ஸ்கேட்டும் அதே எண். குறைவான எடை தட்டுக்கு நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு, அது தப்பு. ஊசி பள்ளத்தில் பதியாமல் துள்ளித்தான் சுவரைச் சிதைக்கிறது.

கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட்தான். நடுவில் அதைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் இல்லாவிட்டால் சத்தம் கொசு பாடுவதுபோல் இருக்கும். மாட்டிய பிறகு 'ம்ம்ம்' என்று இரைந்தால் கிரவுண்ட் ஒயரைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் ஊமையென்றால் ஹெட்ஷெல் பின்களைத் துடைத்துவிட்டு, கார்ட்ரிட்ஜின் பின்னாலுள்ள நான்கு ஒயர்களையும் சரிபாருங்கள்: இடதுக்கு வெள்ளை, நீலம், வலதுக்கு சிவப்பு, பச்சை.