641-ஐத் தாண்டிப் போனவன்

பள்ளி மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். விளையாட்டு விழாவையும் சுற்றுலாவையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். பள்ளி என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு பத்து இலக்க எண்: 4294967297.

விடுமுறைக்கு முந்தைய கடைசி வகுப்பு. கணக்கு சார் கரும்பலகையில் 3, 5, 17, 257, 65537 என்று எழுதினார். 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், கிடைப்பதோடு ஒன்றைக் கூட்டினால் வருபவை இவை. ஐந்தும் பகா எண்கள். இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்தான் என்று 1640-இல் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித மேதை நம்பினாராம். அடுத்தது 32-ஆம் அடுக்கு; ஒன்றைக் கூட்டினால் 4294967297. "இது வகுபடுமா? வந்து சொல்லுங்க" என்று சாக்பீஸை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கால்குலேட்டர் கையில் இல்லாத காலம். ஆயிரத்துக்குள் இருக்கும் 168 பகா எண்களையும் ஒவ்வொன்றாக எடுத்து வகுத்தேன். ஒரு நோட்டு தீர்ந்தது. எதற்கும் வகுபடவில்லை. ஃபெர்மா சொன்னது சரிதான் என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன்.

சார் பக்கங்களைப் புரட்டி, நேராக 641-க்குப் போனார். அவருக்குத்தான் விடை தெரியுமே! கடைசிக்கு முந்தைய படியில் 1089-இலிருந்து 641 போனால் 448. நான் 438 என்று எழுதியிருந்தேன். அப்புறம் 7-ஐ இறக்கினால் 4387, மீதி 541. சார் 438-ஐச் சிவப்பில் வட்டமிட்டார். 448 என்று எழுதியிருந்தால் 4487; அது சரியாக ஏழு 641. மீதி பூஜ்யம். ஈவு 6700417.

ஆய்லர் என்ற சுவிஸ் கணித மேதை இதை 1732-லேயே கண்டுபிடித்துவிட்டார். என்னைப் போல மாடு மாதிரி உழைக்கவில்லை. இந்த எண்ணை ஒரு பகா எண் வகுக்க வேண்டுமானால், அந்தப் பகா எண்ணை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே ஆக வேண்டும் என்று பின்னாளில் நிரூபித்தும் காட்டினார். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, அடுத்தது 641. ஐந்தே வகுத்தல்! எனக்கு 641 வரவே 116 ஆயிற்று, வந்தும் கோட்டைவிட்டேன். அந்த வரிசையில் முதல் ஐந்துக்குப் பிறகு இன்றுவரை ஒரு பகா எண்கூட அகப்படவில்லை என்பதையும் சார் அன்றுதான் சொன்னார்.

பல வருஷம் கழித்து, வேலையில் ஒரு நிரலின் பிழையைத் தேடிக்கொண்டிருந்தபோது திரையில் 4294967295 என்று வந்து நின்றது. கணினியில் 32 பிட்டில், அதாவது 0, 1 மட்டுமே வரும் 32 இடங்களில், அடங்கும் மிகப் பெரிய எண். நம்ம ஆளுக்கு இரண்டு வீடு தள்ளி! 2-இன் 32-ஆம் அடுக்கில் ஒன்றைக் கழித்தது என்பதால், (65536−1) × (65536+1) என்று பிளக்கலாம். முதல் பாதியை மறுபடி, மறுபடி. கடைசியில் மிஞ்சுவது 3 × 5 × 17 × 257 × 65537. சார் கரும்பலகையில் எழுதிய அதே ஐந்து பேர்.

பிழையை அப்படியே விட்டுவிட்டு, ஒரு தாளை எடுத்துக் கையால் பெருக்கிப் பார்த்தேன். இரண்டு முறை.